பாட்டின் விலை

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை நண்பர் ஒருவர் நம் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார். அவருடைய புதல்வன் நம்மிடம் படிக்கும் மாணாக்கன். வந்தவர் காப்பியைக்கூடத் தொடவில்லை. கைப்பையைத் திறந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். திருட்டுச் சொத்தைப் போலீஸாரிடம் ஒப்படைப்பவரைப் போல் அதை நம் முன் வைத்தார்.

"ஸார், பையன் கவி எழுதுகிறான்!" என்றார்.

பையனுக்கு ஜுரம் 104 டிகிரி என்று சொல்லும் தகப்பனாரின் குரல் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அவர் குரல். கணக்குப் பாடத்தில் 28 மார்க்கு வாங்கியிருக்கிறானாம். கணக்கு நோட்டின் பின்பக்கங்களிலேதான் இந்தக் கவிதைகளெல்லாம் இருக்கின்றனவாம். "தாங்கள்தான் கூப்பிட்டுக் கண்டிக்க வேண்டும். பாட்டு எழுதி யார் ஸார் பிழைத்தார்கள்?" என்று கேட்டார்.

நாம் உடனே விடை கூறவில்லை. ஏனெனில் இதே கேள்வியை, ஏறக்குறைய இதே குரலில், 2,000 ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு தகப்பனார் கேட்டிருக்கிறார் என்பது நம் நினைவுக்கு வந்தது. இத்தாலி தேசத்து ஸுல்மோ என்னும் ஊரில் கி.மு. 43-ல் பிறந்தவன் ஓவிட் என்னும் மகாகவி. அவனை வழக்காடும் வித்தையில் தேர்ச்சி பெறச் செய்து, பெரிய உத்தியோகத்தில் அமர்த்திப் பார்க்க வேண்டுமென்று அவன் தகப்பனாருக்கு ஆசை. மகனோ பாட்டு எழுதினான். இது பயனற்ற தொழில் என்றும், ஹோமரே காசு பணம் எதுவும் சேர்த்து வைக்கவில்லை என்றும் தகப்பனார் அடிக்கடி இடித்துரைத்தாராம். மகனும் பணிந்து, இனி வசனமே எழுதுவதென்று உட்கார்ந்தானாம். எழுத எழுதச் சொற்கள் தாமாகவே சந்தத்தில் வந்து விழுந்தனவாம். வயது முதிர்ந்த காலத்தில், தேசப்பிரஷ்டனாகக் கருங்கடல் ஓரத்தில் கிடந்தபோது, ஓவிட் தன் வாழ்க்கை வரலாறாகத் தானே இதை எழுதி வைத்திருக்கிறான்.

அவன் கருங்கடல் ஓரத்துக்கு ஏன் போனான் என்பதைப் பின்னர்ச் சொல்லுவோம். தகப்பனாரின் அச்சம் அடியோடு ஆதாரமற்றது அல்ல என்பதை மட்டும் இங்கே ஒப்புக்கொண்டு மேலே செல்லுவோம்.

நண்பரின் கேள்விக்கு விடை சொல்ல உரிமையுள்ளவர்கள் கவிகளே. கிரேக்க தேசத்திலும் ரோமாபுரியிலும் இருந்த பழங்கவிகள் இந்தக் கேள்வியை விடாமல் தங்களையே கேட்டுக்கொண்டார்கள். பாட்டு எங்கிருந்து வருகிறது, அது எதைச் சாதிக்கும், எதைச் சாதிக்காது, பாடுகிறவன் அதற்கு என்ன கொடுக்க வேண்டியிருக்கும் என்றெல்லாம் யோசித்தார்கள். அரிஸ்டாட்டில் போன்ற அறிஞர்கள் கவிதையைப் பற்றி இலக்கண நூல் எழுதினார்கள். கவிகளோ தங்கள் கருத்தைப் பெரும்பாலும் புராணக் கதையில் வைத்துச் சொன்னார்கள். தேவர்கள், கந்தருவர் போன்ற பாடகர்கள், ஆடு மேய்ப்பவர்கள், நெசவுக்காரப் பெண் ஆகியோரின் கதைகளுக்குள்ளே தங்கள் தொழிலின் இரகசியங்களை ஒளித்து வைத்தார்கள். அக்கதைகளை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அவற்றில் தற்புகழ்ச்சி குறைவு, விலைப்பட்டியலே அதிகம். பாட்டுக்கு ஒரு விலை உண்டு என்பதை அக்கவிகள் ஒருபோதும் மறைக்கவில்லை.

யாழ் பிறந்த கதையைப் பாருங்கள். ஹோமரின் பெயரால் வழங்கும் பழைய தோத்திரம் ஒன்றில் இது வருகிறது. ஹெர்மிஸ் என்னும் தேவன் பிறந்த அன்றைக்கே தொட்டிலை விட்டு இறங்கி வெளியே வந்தான். குகை வாயிலில் ஓர் ஆமை புல் மேய்ந்துகொண்டிருந்தது. குழந்தை அதைப் பார்த்துச் சிரித்து, நயமாகப் பேசி உள்ளே எடுத்துச் சென்று கொன்றான். அதன் ஓட்டில் நாணல் துண்டுகளைப் பொருத்தி, மாட்டுத் தோலைப் போர்த்தி, ஆட்டு நரம்பால் ஏழு தந்திகள் கட்டினான். உயிரோடிருந்தபோது வாய் திறவாத பிராணி, மாண்ட பிறகு இன்னிசை பொழிந்தது. பிறகு அந்தப் பொல்லாத குழந்தை அப்பாலோவின் 50 பசுக்களைத் திருடிச் சென்று அகப்பட்டுக்கொண்டான். அண்ணனின் கோபத்தைத் தணிக்க யாழை அவனுக்கே கொடுத்துவிட்டான். அன்று முதல் அப்பாலோ சங்கீதத்துக்கும் கவிதைக்கும் தலைவனானான்.

ஓவிட் சொல்லும் இரண்டு கதைகளும் இவ்வாறே. பான் என்னும் வனதேவன் ஸிரிங்ஸ் என்ற பெண்ணைத் துரத்தினான். அவள் ஆற்றங்கரையில் நாணற் புதராக மாறிவிட்டாள். அவன் தழுவியது வெறும் நாணலை. அவன் விட்ட பெருமூச்சு நாணலுக்குள் புகுந்து மெல்லிய ஓசையாக வெளிவந்தது. அந்த நாணற் குழல்களை ஏற்றத்தாழ்வாக நறுக்கி, மெழுகினால் ஒட்டிப் புல்லாங்குழல் செய்தான். அப்பாலோவோ டாப்னே என்பவளைத் துரத்தினான்; அவள் லாரல் மரமானாள். கிடைக்காத பெண்ணுக்கு ஈடாக அவன் எடுத்துக்கொண்டது அம்மரத்தின் இலையை. கவிகள் தலையில் சூடும் மாலை அந்த இலையால் ஆனது.

யாழ், குழல், மாலை ஆகிய மூன்றும் கவியின் அடையாளங்கள். ஒன்று மாண்டதிலிருந்து வந்தது. மற்ற இரண்டும் கைக்கு எட்டாமல் போனவற்றிலிருந்து வந்தவை. ஓவிட் அதை விளக்கவில்லை. கதையைச் சொல்லிவிட்டுப் போகிறான். ஆயினும் ஏதோ ஒன்று இல்லாமற் போன இடத்திலேதான் பாட்டு முளைக்கிறது என்னும் கருத்து அவற்றில் மறைந்து கிடக்கிறது.

* * *

இனி, விலைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கி.மு. 700-ஐ ஒட்டிய காலத்தில் கிரேக்க தேசத்தில் ஹெலிகன் மலையடிவாரத்தில் அஸ்க்ரா என்னும் சிற்றூரில் ஹீஸியட் என்ற கவி வாழ்ந்தான். அவன் தகப்பனார் வறுமையின் கொடுமை தாங்காமல் கடல் கடந்து வந்து அங்கே குடியேறியவர். ஒரு நாள் ஹீஸியட் மலைச் சாரலில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தபோது, மியூஸ்கள் என்னும் கலைத் தேவியர் ஒன்பதின்மர் அவனுக்குக் காட்சியளித்தனர். லாரல் கொம்பு ஒன்றைக் கையில் கொடுத்து, தெய்விகக் குரலை அவனுக்குள் ஊதிப் புகுத்தினர். இதுவரை எல்லாம் நாம் எதிர்பார்ப்பதுதான். ஆனால் வரம் கொடுப்பதற்கு முன் அத்தேவியர் சொன்ன வார்த்தை விசித்திரமானது. வயிறு ஒன்றே கதியெனக் கிடக்கும் இடையர்களே என்று முதலில் வைதார்கள். மெய்யைப் போலவே தோன்றும் பொய்கள் பலவற்றைச் சொல்லவும் தங்களுக்குத் தெரியும் என்றும், மனம் வைத்தால் மெய்யையே சொல்லவும் தெரியும் என்றும் கூறினார்கள். எது மெய், எது பொய் என்று பிரித்தறிய அவனுக்கு ஒரு வழியும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

கவிதைத் தெய்வத்தின் வாயிலாகவே ஒரு கவி இதைச் சொல்ல வைத்தது எவ்வளவு பெரிய நேர்மை! நான் பாடுவதெல்லாம் வேதவாக்கு என்று அவன் சாதித்திருக்கலாம், கேட்பவர்களும் நம்பியிருப்பார்கள். அவ்வாறு செய்யாமல், தனக்குக் கிடைத்த வரத்திலேயே ஓர் ஐயத்தையும் முடிந்து வைத்தான். நிச்சயம் என்னும் சுகத்தைக் கவி இழக்க வேண்டும் என்பது முதல் விலை.

ஹோமர் சொல்லும் விலை இன்னும் கொடியது. 'ஒடிஸி' காவியத்தில் டெமோடோகஸ் என்ற பாடகன் வருகிறான். கலைத் தேவி அவனை மிகவும் நேசித்தாள். ஆகையால் நன்மையும் தீமையும் கலந்து கொடுத்தாள். கண்களைப் பறித்துக்கொண்டு இனிய பாட்டைத் தந்தாள். அரண்மனைச் சேவகன் ஒருவன் அவனைக் கைப்பிடித்து அழைத்து வருகிறான். வெள்ளிக் குமிழ்கள் பதித்த ஆசனத்தில் அமர்த்துகிறான். யாழ் எங்கே தொங்குகிறது என்று கையால் தொட்டுக் காட்டுகிறான். இச்சிறு விவரங்களைப் படிக்கும்போது, ஹோமர் ஓர் உவமைப் பாத்திரத்தையா படைத்தான், தன் கூட்டத்தாரில் ஒருவனையா எழுதினான் என்று கேட்கத் தோன்றுகிறது. ஹோமரும் குருடன் என்ற பழங்கதை கிரேக்கரிடையே வழங்கியதில் வியப்பில்லை.

அந்தச் சபையில் ஊரும் பெயரும் தெரியாத விருந்தாளியாக ஒடிஸியஸ் அமர்ந்திருக்கிறான். டிராய் நகரை மர குதிரையின் சூழ்ச்சியால் அழித்தவன் அவனே. தன்னுடைய தட்டிலிருந்து நல்ல இறைச்சித் துண்டு ஒன்றை அறுத்துப் பாடகனுக்கு அனுப்பிவிட்டு, அந்த மர குதிரைக் கதையைப் பாடும்படி கேட்கிறான். தன் வெற்றியைத் தானே கேட்டு மகிழ எண்ணினான் போலும். டெமோடோகஸ் பாடினான். ஒடிஸியஸின் கண்களிலிருந்து நீர் பெருகிற்று. எப்படி அழுதான்? இங்கே ஹோமர் ஓர் உவமை கூறுகிறான். ஊரைக் காக்கப் போரிட்டு வீழ்ந்த கணவன் மேல் விழுந்து ஒரு பெண் கதறுகிறாள். பகைவர்கள் பின்னாலிருந்து ஈட்டியால் அடித்து அவளை அடிமையாக இழுத்துச் செல்கிறார்கள். அந்தப் பெண் அழுவதைப் போல் அவன் அழுதானாம்.

நேயர்கள் இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். டிராய் நகரத்துப் பெண்களை அந்த நிலைக்கு ஆளாக்கியவர்களுள் ஒடிஸியஸ் ஒருவன். பத்து வருஷப் போர் அவன் நெஞ்சில் இந்த இரக்கத்தை உண்டாக்கியதாக ஹோமர் எங்கும் சொல்லவில்லை. குருடன் ஒருவனின் பாட்டு, வென்றவனைத் தோற்றவளின் கண்ணீரை அழ வைத்துவிட்டது. பாட்டினால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு 'ஒடிஸி' காவியத்தின் எட்டாம் பாகத்திலே இருக்கிறது விடை. விலையும் அங்கேயே இருக்கிறது. விருந்தாளி அழுவதைக் கண்ட அரசன், பின்வரும் மாந்தர்க்குப் பாட்டு வேண்டும் என்பதற்காகவே தேவர்கள் மனிதர்களுக்கு அழிவை நூற்று வைத்தார்கள் என்னும் பொருள்படப் பேசுகிறான். தன் ஊர் எரியாத அரசனுக்கு அப்படிச் சொல்வது எளிது. ஹோமர் அதை அவன் வாயில் வைத்துவிட்டு, பக்கத்திலே அழுதுகொண்டிருப்பவனையும் நமக்குக் காட்டிவிடுகிறான். இரண்டில் எதை ஏற்பது என்பது நம் பொறுப்பு.

செருக்குக்கும் விலை உண்டு. தாமிரிஸ் என்ற பாடகன், கலைத் தேவியரே வந்து பாடினாலும் தானே வெல்வதாக மார்தட்டினான். தேவியர் சினந்து அவனை ஊனமாக்கி, பாட்டைப் பறித்து, யாழ் வாசிக்கும் வித்தையையும் மறக்கச் செய்தனர். இக்கதையை ஹோமர் 'இலியட்' காவியத்தில் கப்பல்களின் நீண்ட பட்டியலுக்கு நடுவே ஐந்தாறு வரிகளில் சொல்லி முடிக்கிறான். அந்தப் பட்டியலைத் தொடங்கும்போதுதான், தேவியரே, நீங்கள் அனைத்தும் அறிந்தவர்கள், நாங்கள் செவிவழிச் செய்தியை மட்டுமே அறிந்தவர்கள் என்னும் பொருள்பட அவன் வேண்டிக்கொண்டான். அப்படி வேண்டிக்கொண்டவன் கொஞ்ச தூரம் சென்றதும் தாமிரிஸை நினைத்துக்கொள்கிறான். நீண்ட பட்டியலை மனப்பாடமாகப் பாடும் ஒருவனுக்கு மறதியைக் காட்டிலும் பெரிய அச்சம் வேறு என்ன இருக்க முடியும்?

* * *

ஹோமருக்குச் சுமார் ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின், எகிப்து தேசத்து அலெக்ஸாந்திரியா நகரில் கல்லிமாக்கஸ் என்ற கவி இருந்தான். அந்நகரத்தின் பெயர் பெற்ற புத்தகசாலையில் பணியாற்றி, அங்கிருந்த நூல்களுக்கு 120 சுருள்களில் அட்டவணை தயாரித்தவன். அத்தனை நூல்களுக்கு நடுவே வாழ்ந்தவனுக்கு, இன்னொரு பெரிய நூல் எழுதுவதில் ஆசை எப்படி இருக்கும்? நீண்ட காவியம் எழுதவில்லை என்று அவனைச் சிலர் பழித்தனர். அவர்களைப் புராணத்தில் வரும் டெல்கினர் என்னும் பொறாமை பிடித்த மந்திரவாதிகள் என்று அழைத்துவிட்டு, அவன் ஒரு கதை சொல்கிறான். முதன்முதலில் எழுதுபலகையை மடியில் வைத்த அன்று அப்பாலோ தோன்றினானாம். பலி கொடுக்கும் ஆட்டைக் கொழுக்க வை, பாட்டை மெலிதாக வை என்றும், வண்டிகள் ஓடித் தேய்ந்த ராஜபாட்டையை விட்டு, குறுகலானாலும் பிறர் மிதிக்காத வழியில் செல் என்றும் கட்டளையிட்டானாம். பெரும் கூட்டத்தின் கைதட்டலே இங்கே விலை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தக் கவிதையின் பகுதி பல நூற்றாண்டுகள் காணாமற் போயிருந்தது. எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் என்னும் ஊரின் மணலில் புதைந்து கிடந்த பாபிரஸ் கிழிசல்களிலிருந்து மீட்கப்பட்டு 1927-ல் தான் அச்சேறியது. கொழுத்த காவியங்கள் எத்தனையோ அழிந்தன; மெலிந்த பாட்டு மணலுக்கடியில் பிழைத்துக் கிடந்தது. ரோமாபுரியின் மகாகவி வர்ஜில் இளமையில் இக்கதையையே எடுத்துக்கொண்டான். அரசர்களையும் போர்களையும் பாட முயன்றபோது அப்பாலோ தன் காதைப் பிடித்து இழுத்து, இடையன் ஆட்டைத்தான் கொழுக்க வைக்க வேண்டும் என்று புத்தி சொன்னதாக எழுதினான். உபாத்தியாயர்களாகிய நமக்குக் காதைப் பிடித்து இழுக்கும் தேவன்மேல் தனி அபிமானம் உண்டாவது இயல்பே!

* * *

அந்த வர்ஜில் கி.மு. 29-ஐ ஒட்டி உழவுத் தொழிலைப் பற்றிய 'ஜார்ஜிக்ஸ்' என்னும் நூலை முடித்தான். அதன் நான்காம் பாகம் தேனீ வளர்ப்பைப் பற்றியது. தேனீயில் தொடங்கிய பாட்டு, எதிர்பாராத வகையில் ஆர்பியூஸின் கதையில் சென்று முடிகிறது.

ஆர்பியூஸின் பாட்டுக்கு மரங்கள் நகரும். காட்டு மிருகங்கள் அடங்கும். அவன் மனைவி யூரிடிஸி பாம்பு கடித்து மாண்டாள். யாழை ஏந்தி அவன் யமலோகத்துக்கே சென்று பாடினான். நரகத்தின் நாய் வாயடைத்து நின்றது. தண்டனைச் சக்கரமும் சுழலாமல் நின்றது. மனைவி திரும்பக் கிடைத்தாள். ஒரே ஒரு நிபந்தனை, வெளிச்சத்தை அடையும் வரையில் திரும்பிப் பார்க்கலாகாது. வாயிலை நெருங்கும் தருணத்தில் திரும்பிப் பார்த்தான்; அவள் புகையைப் போல் மறைந்தாள். பின்பு அவனையும் திரேஸ் நாட்டுப் பெண்கள் கொன்றுவிட்டனர். வெட்டுண்ட தலை ஹீப்ரஸ் நதியில் மிதந்து செல்கையிலும் மனைவியின் பெயரையே சொல்லிக்கொண்டு போயிற்று.

மரணத்தின் கதவைத் திறக்கும் சக்தி பாட்டுக்கு உண்டு; திறந்த கதவு வழியே வந்ததைக் கையில் தக்க வைத்துக்கொள்ளும் சக்தி பாடினவனுக்கு இல்லை என்கிறான் வர்ஜில். எதற்காகத் தேனீப் பாட்டில் இந்தக் கதை? ஸெர்வியஸ் என்ற பழைய உரையாசிரியர் ஒரு செய்தி தருகிறார். வர்ஜிலுக்குக் காலஸ் என்ற கவி நண்பன் இருந்தான். அவன் ரோமாபுரியின் பிரதிநிதியாக எகிப்தை ஆண்டவன். அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் கோபத்துக்கு ஆளாகிக் கி.மு. 26-ஐ ஒட்டித் தற்கொலை செய்துகொண்டான். நூலின் இறுதியில் முதலில் இருந்தது அவன் புகழே என்றும், சக்கரவர்த்தியின் உத்தரவினால் வர்ஜில் அதை எடுத்துவிட்டு வேறு கதையை வைத்தான் என்றும் ஸெர்வியஸ் எழுதுகிறார். இக்காலத்து அறிஞர் பலர் இதை அப்படியே நம்புவதில்லை. நடந்தது எதுவாயினும், காலஸின் கவிதைகள் அழிந்தே போயின. பல நூற்றாண்டுகளாக ஒரே ஒரு வரிதான் உலகத்துக்குத் தெரிந்திருந்தது. 1978-ல் எகிப்தின் தென்கோடியில் காஸ்ர் இப்ரிம் என்னும் பழைய கோட்டையில் ஒரு பாபிரஸ் துண்டு அகப்பட்டது; அதில் அவனுடையவை என்று கருதப்படும் சுமார் ஒன்பது வரிகள் இருந்தன. யமலோகத்திலிருந்து அவ்வளவு மட்டும் திரும்பி வந்தது.

* * *

சக்கரவர்த்தியின் கோபம் என்று சொன்னோம். இப்போது ஓவிட்டிடம் திரும்புவோம்.

அவனுடைய 'மெட்டமார்ஃபோஸிஸ்' என்னும் உருமாற்றக் காவியத்தில் அராக்னே என்னும் பெண்ணின் கதை வருகிறது. சாயம் தோய்க்கும் எளிய மனிதனின் மகள், நெசவில் இணையற்றவள். மினர்வா தேவியோடு போட்டியிட்டாள். தேவி நெய்த துணியில் தேவர்கள் சிங்காசனங்களில் கம்பீரமாக வீற்றிருந்தனர். நான்கு மூலைகளிலும் தேவர்களை எதிர்த்துத் தண்டனை பெற்ற மனிதர்களின் சித்திரங்கள். ஓரமெல்லாம் சமாதானத்தின் ஆலிவ் இலை. அராக்னே நெய்த துணியிலோ, அதே தேவர்கள் எருதாகவும் அன்னமாகவும் பொன்மழையாகவும் வேஷமிட்டுப் பெண்களை வஞ்சித்த கதைகள் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்தன. அந்த வேலையில் குற்றம் காணப் பொறாமைத் தெய்வத்தாலும் இயலவில்லை என்கிறான் ஓவிட். மினர்வா துணியைக் கிழித்தாள். நாடாக்கட்டையால் அந்தப் பெண்ணின் நெற்றியில் மூன்று நான்கு முறை அடித்தாள். அவமானம் தாங்காமல் சுருக்கிட்டுக்கொண்ட அராக்னே சிலந்தியாக்கப்பட்டாள். இன்றும் நெய்துகொண்டிருக்கிறாள்.

இது நெசவைப் பற்றிய கதை மாத்திரம் அல்ல. லத்தீன் மொழியில் நெய்வதைக் குறிக்கும் சொல்லின் அடியாகவே நூலின் வாசகத்தைக் குறிக்கும் சொல்லும் பிறந்தது. கிரேக்கர்கள் காவியம் பாடுவோரைப் பாட்டுத் தைப்பவர் என்ற பொருள்படும் பெயரால் அழைத்தனர். ஓவிட்டின் காவியமும் அராக்னேயின் துணியைப் போன்றதே. உருமாறிய தேவர்களின் லீலைகள் ஒழுங்கின்றி அடுத்தடுத்து வருவது. ஆட்சியில் இருப்பவர்கள் விரும்பும் சித்திரம் ஒன்று. ஆளப்படுபவர்கள் கண்ட சித்திரம் வேறொன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துவிட்டு, எது கிழிக்கப்பட்டது என்பதையும் கவி சொல்லிவிடுகிறான்.

கி.பி. 8-ல் அந்தக் காவியம் ஏறக்குறைய முடிந்திருந்த சமயம், அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் கட்டளை பிறந்தது. கருங்கடற் கரையில் சாம்ராஜ்யத்தின் எல்லையிலிருந்த டோமிஸ் என்னும் ஊருக்கு ஓவிட் அனுப்பப்பட்டான். தான் எழுதிய ஒரு பாட்டும், தான் செய்த ஒரு பிழையும் காரணம் என்று அவனே குறிப்பிடுகிறான். பாட்டு, காதற் கலையைப் பற்றி முன்னர் அவன் எழுதிய நூல். பிழை எதுவென்று அவன் கடைசி வரையில் சொல்லவில்லை. அவனுடைய நூல்களுக்கு ரோமாபுரியின் பொதுப் புத்தகசாலைகளில் இடம் மறுக்கப்பட்டதாகவும் அவன் வருந்தி எழுதுகிறான். கி.பி. 14-ல் அகஸ்டஸ் இறந்தான். அடுத்து வந்த டைபீரியஸும் கவியை அழைத்துக்கொள்ளவில்லை. கி.பி. 17 அல்லது 18-ல் ஓவிட் டோமிஸிலேயே உயிர் துறந்தான். அராக்னேயின் கதையை எழுதியபோது, தன் கதையைத்தான் எழுதுகிறோம் என்பது அவனுக்குத் தெரிந்திராது.

அவனும் ஆர்பியூஸின் கதையைத் தன் காவியத்தில் சொன்னான். வர்ஜில் சொல்லாத இரண்டு செய்திகளை அதில் சேர்த்தான். முதலாவது, ஆர்பியூஸின் மரணம் நேர்ந்த விதம். வெறி கொண்ட பெண்கள் அவன்மேல் எறிந்த கல், பாட்டைக் கேட்டதும் மன்னிப்புக் கேட்பதுபோல் அவன் காலடியில் வந்து விழுந்ததாம். பாட்டு காதில் விழும் வரையில் எந்த ஆயுதமும் அவனைத் தீண்டவில்லை. பிறகு முரசுகளும் கொம்புகளும் கூச்சலும் ஒருங்கே எழுந்து யாழோசையை மூழ்கடித்தன. கற்களுக்குப் பாட்டுக் கேட்காமற் போயிற்று. அப்போதுதான் அவை கவியின் இரத்தத்தால் சிவந்தன. பாட்டைத் தோற்கடிக்க அதைவிடச் சிறந்த பாட்டுத் தேவையில்லை, இரைச்சல் போதும் என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் சொன்னதில்லை.

இரண்டாவது செய்தி, கதையின் முடிவு. ஓவிட்டின் ஆர்பியூஸ் இறந்தபின் யமலோகத்தில் மனைவியைக் கண்டு சேருகிறான். இருவரும் அங்கே உலாவுகிறார்கள். சில சமயம் கைகோத்து, சில சமயம் அவள் முன்னும் அவன் பின்னுமாக, சில சமயம் அவன் முன்னே சென்று அச்சமின்றித் திரும்பிப் பார்க்கிறான். எல்லா விலையையும் கொடுத்துத் தீர்த்த பிறகு கிடைக்கும் சிறு சில்லறை அது. வாழ்நாளில் கிடைக்கும் என்று ஓவிட் எங்கும் வாக்களிக்கவில்லை.

அவனுக்கும் அப்படியே நேர்ந்தது. டோமிஸ் இருந்த இடத்தில் இன்று ருமேனியாவின் கான்ஸ்டான்ட்ஸா நகரம் இருக்கிறது. அந்நகரத்தார் அந்தப் பரதேசிக் கவிக்கு 1887-ல் சிலை நாட்டினார்கள். 2017 டிஸம்பரில் ரோமாபுரியின் நகரசபை கூடி, ஓவிட்டின் தேசப்பிரஷ்ட தண்டனையை ரத்து செய்து தீர்மானம் நிறைவேற்றியது. உத்தரவு வருவதற்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது, 2,009 வருஷங்கள். அதற்குள் அகஸ்டஸின் சாம்ராஜ்யம் மண்ணோடு மண்ணாகியிருந்தது. காவியம் மட்டும் கைம்மாறிக் கைம்மாறி வந்துகொண்டிருந்தது.

* * *

இவற்றையெல்லாம் நாம் சொல்லி முடிப்பதற்குள் தெருவில் விளக்கேற்றிவிட்டார்கள். நண்பர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஆக, கவி எழுதினால் கண் போகும், ஊர் போகும், உயிரும் போகும் என்கிறீர்கள். நான் சொன்னதும் அதுதானே ஸார்?" என்றார்.

நியாயமான கேள்வி. விலை அதிகம் என்பதில் தகப்பனார்களுக்கும் கவிகளுக்கும் கருத்து வேற்றுமை கிடையாது. வித்தியாசம் ஒன்றுதான். தகப்பனார்கள் விலையை மாத்திரம் பார்க்கிறார்கள். கவிகள் விலையையும் பார்த்து, சரக்கையும் பார்த்தார்கள். வென்றவனைத் தோற்றவளுக்காக அழ வைத்த பாட்டு அது. கிழிக்கப்பட்ட பின்னும் நெய்வதை நிறுத்தாத கை அது. இவ்வளவு கொடுத்தும் வாங்கத் தக்கது என்று அவர்கள் எண்ணியிராவிட்டால், விலைப்பட்டியலைப் போய் அத்தனை அழகாக எழுதியிருப்பார்களா?

"பையனைக் கணக்குப் போடச் சொல்லுகிறோம், அது நம் கடமை. கவி எழுதாதே என்று மட்டும் நம்மால் சொல்ல முடியாது. ஓவிட்டின் தகப்பனார் சொல்லிப் பார்த்துவிட்டார்" என்றோம். பிறகு நோட்டுப் புத்தகத்தைக் காட்டி, "பையன் எதைப் பற்றி எழுதியிருக்கிறான்?" என்று கேட்டோம்.

நண்பர் சற்றுத் திகைத்தார். "படிக்கவில்லையே ஸார்!" என்றார்.

வெளியே ஒரு மோட்டார் வண்டி கொம்பு ஊதிக்கொண்டு சென்றது. அந்த ஓசை அடங்கும் வரை காத்திருந்தோம். பின்பு விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்து, கணக்கு நோட்டைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினோம்.